பிரிட்டிஷ் ஓப்பனுக்கு அழைப்பில்லை

"இருக்காரா இல்லையா, அதை மட்டும் சொல்லும்மா," என்றார் மலையாண்டி.

"பள்ளிவாசலுக்குப் போயிருக்காகண்ணே." சபியுல்லாவின் மனைவி நபீஸா கதவைப் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே இருந்து சபியுல்லாவின் குரல் கேட்டது. யாருக்கோ மும்முரமாக என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி நடந்த மலையாண்டியின் காலை வாசலில் கிடந்த சபியுல்லாவின் செருப்பு வேறு இடறியது. செருப்பில்லாமலா மனுஷன் பள்ளிவாசலுக்குப் போனான்?

காரைக்குடியில் கிரிக்கெட்டுக்கு உயிரை விட ஆயிரம் பேர் உண்டு. கோல்ஃபுக்கு உயிரை விட இந்த ரெண்டு பேர்தான். மலேசியாவில் ஒரே கிளப்பில் இருபத்தஞ்சு வருஷம் இருந்தவர்கள். சபியுல்லா ஆட்டக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். மலையாண்டி புல் வெட்டும் மெஷின் ஓட்டுவார். ஊருக்கு வந்த பிறகும் ஆசை விடவில்லை. ஜூலை வந்தால் பிரிட்டிஷ் ஓப்பன், சபியுல்லா வீட்டு டிவி, நாலு நாள் மதியத்திலிருந்து ராத்திரி வரை அங்கேயே டேரா.

போன வருஷம் கடைசி நாள், ஒரு பந்து இருபதடி உருண்டு போய்க் குழியில் விழுந்ததே, அப்போது ரெண்டு பேரும் எழுந்து நின்று தட்டிய தட்டில் நபீஸா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

இந்த வருஷம் வியாழக்கிழமை ஆட்டம் ஆரம்பம், திங்கட்கிழமை ஆகியும் ஒரு போன் இல்லை. வா என்று ஒரு வார்த்தை இல்லை.

"பத்து நாளா சாயந்திரமானா கதவைச் சாத்திக்கிட்டுப் பேச்சுத்தாண்ணே," என்றார் டீக்கடை சின்னக்கருப்பு.

"யாருகூட?"

"சிங்கப்பூர்லேருந்து வந்து புதுசா பங்களா கட்டியிருக்காருல்ல, அவராத்தான் இருக்கும். அவரு கோல்ஃபே ஆடுவாராம்ல."

மலையாண்டிக்குச் சுருக்கென்றது. டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

விஷயம் வேறு. சர்க்கரை அவர் கண்ணில் கைவைத்து ரெண்டு வருஷமாகிறது. "போனது வராதுய்யா, இருக்கிறதைக் காப்பாத்திக்கங்க" என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். கிட்டத்தில் வந்தால் ஆள் தெரியும். டிவியில் பச்சை தெரியும். பந்து தெரியாது. கூட்டம் சத்தம் போட்டால் இவர் கைதட்டுவார், அவ்வளவுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. கண்ணு தெரியாதவனுக்குக் கோல்ஃப் எதுக்கு என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த நாலு நாளும் போச்சு. வருஷத்தில் அவருக்கென்று இருந்ததே அந்த நாலு நாள்தான்.

கண்டுபிடிச்சுட்டான். அதான் கண்ணுள்ள ஆளாப் பார்த்துச் சேர்த்துக்கிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்து அலமாரியில் போட்டார். அவனா கூப்பிட்டாலும் இனிப் போகக் கூடாது.

வியாழக்கிழமை மதியம் வரைதான் அந்த வைராக்கியம் தாங்கியது. ஆட்டம் ஆரம்பித்திருக்கும். அந்தச் சிங்கப்பூர்க்காரன் தன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். கையும் களவுமாகப் பிடித்து, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். குடையை ஊன்றிக்கொண்டு கிளம்பினார்.

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சபியுல்லாவின் குரல்.

"காத்து வலப்பக்கமிருந்து அடிக்குது. அடிச்சுட்டான். பந்து ஏறுது, ஏறுது, மணலைத் தாண்டிப் புல்லுல விழுந்திருச்சு. குழிக்கு இன்னும் சின்னக்கருப்பு கடைக்கும் தபால்பெட்டிக்கும் உள்ள தூரம் கெடக்கு."

மலையாண்டி விறுவிறுவென்று உள்ளே போனார். "எங்கய்யா அவன்?"

"எவன்?"

"இம்புட்டு நேரமா வௌக்கம் சொல்லிக்கிட்டிருந்தியே, அவன்."

"அவன் போனை எடுக்க மாட்டேங்கிறான்," என்றார் சபியுல்லா. "நேத்துலேருந்து ஒம்போது தடவை போட்டுட்டேன்."

ரூமில் வேறு யாருமில்லை. மலையாண்டி எப்போதும் உட்காரும் பிரம்பு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. டிவியில் சத்தமே இல்லை.

"பத்து நாளா இதே கூத்துதாண்ணே," என்றபடி வந்தாள் நபீஸா. "பழைய ஆட்டத்தைப் போட்டுச் சத்தத்தை அணைச்சுட்டு, தானாப் பேசிப் பழகுறாக. நல்லா வர்ற வரைக்கும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. அன்னைக்கு அதுக்குத்தான் பொய் சொன்னேன். மனசுல வச்சுக்காதீக."

"எதுக்கு இந்த வேலை?" மலையாண்டியின் குரல் இறங்கிவிட்டது.

"டிவியில பேசுறவன் பந்து எங்கன விழுந்துச்சுன்னே சொல்ல மாட்டேங்கிறான் மாப்ளே. பார்க்கிறவுகளுக்குத்தான் தெரியுதேன்னு ஊர்க்கதை பேசுறான்," என்றார் சபியுல்லா. "கிளப்புல எனக்கு என்ன வேலை? பந்து போற எடத்தைப் பார்த்துச் சொல்றதுதானே."

மலையாண்டி நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். ஆனாலும் வீம்பு விடவில்லை.

"எனக்கென்ன, நல்லாத்தான் தெரியுது. போன வருஷம் அந்த இருபதடிப் பந்து விழுந்தப்ப முதல்ல கைதட்டுனதே நாந்தானே?"

சபியுல்லா தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அது விழுகல மாப்ளே. குழியை ஒட்டி வெளிய போயிருச்சு. நீ தட்டுன, அதான் நானும் எந்திரிச்சு நின்னு தட்டுனேன்."