தைலம் பூசிய நெஞ்சு

அவசர சிகிச்சைப் பிரிவின் ஜன்னல் வழியே வந்த காலை வெயில் கட்டில்வரை நீண்டு கிடக்கிறது. பல்லேபொலயிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய மிளகு வியாபாரி கலந்தரின் நெஞ்சில், தாதி சிவநந்தினி ஒட்ட ஒட்ட ஈசிஜி ஸ்டிக்கர்கள் வழுக்கி விழுகின்றன. மனைவி ஜுனைதா கழுத்திலிருந்து தொப்புள்வரை தைலம் தேய்த்தல்லவா கூட்டி வந்திருக்கிறாள். சிவநந்தினி ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து, திரும்பவும் ஒட்டுகிறாள். இம்முறை பிடித்துக்கொள்கின்றன. “இது வாய்வு மிஸ். தைலம் பூசினதும் நோவு போயிட்டு. கட தொறக்கணும்,” என்று கலந்தர் சட்டைக்குக் கை நீட்டுகிறார். திரையில் கோடுகள் ஓடுகின்றன. அவற்றைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவுக்குத் தைல வாசமும் தெரியாது, அவருடைய வீறாப்பும் தெரியாது. சிவப்புக் கட்டம் ஒன்று எழுகிறது: மாரடைப்பு. டொக்டர் விதுஷா தானும் ஒருமுறை கோடுகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஊசியை எடுக்கிறார். “இது வாய்வு இல்ல நாநா, மாரடைப்பு. நேரத்தோட வந்துட்டீங்க, சரியாக்கிடலாம். ஆனா கட்டில விட்டு எறங்க வேணாம்,” என்ற சிவநந்தினி, சட்டையை மடித்து ஜுனைதாவிடம் கொடுக்கிறாள். சட்டைக்கு நீட்டிய அவருடைய கை அப்படியே போய், தைலம் மணக்கும் மனைவியின் விரல்களைப் பற்றிக்கொள்கிறது. “கட இன்னைக்குப் பூட்டியே கெடக்கட்டும்,” என்கிறார் கலந்தர்.