திருவளர்ச்செல்வி

மூன்றாவது கேள்வியில் அவள் கை நின்றது.

'இதற்குப் பிறகு வீட்டில் கல்யாணம் பாக்கி இருக்கிறதா?'

திரையில் கீழே இரண்டு வட்டங்கள். ஆம். இல்லை. ஒன்றைத்தான் தொட முடியும்.

கேள்வியை எழுதியவளும் அவள்தான், வட்டங்களைப் போட்டவளும் அவள்தான். பத்து நாளாக அச்சகத்தில் இதே வேலை.

எல்லாம் போன மாதத்துக் கூத்தால் வந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றுவது அங்கே வழக்கம். ஒன்றில் பெயரை மாற்றினார்கள், முன்னால் இருந்த 'தெய்வத்திரு'வை விட்டுவிட்டார்கள். பெண்ணின் அப்பா முழு ஆரோக்கியத்தோடு அச்சகத்துக்கே வந்து கத்திவிட்டுப் போனார்.

"இனிமே யாரும் பழசத் திறக்க வேணாம்மா. கம்ப்யூட்டர் கேக்கணும், நாம பதிலத் தொடணும், பத்திரிகை தானா வரணும்" என்றார் முதலாளி மாசிலாமணி.

செய்தாள்.

அப்பா இருக்கிறாரா? 'இல்லை' என்றால் மட்டும் தெய்வத்திரு வரும்.

அழைப்பவர் யார்? பெற்றோர். பெரியப்பா பெரியம்மா. மாமா அத்தை. முதலாளி எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். 'அம்மா மட்டும்' அவளாகச் சேர்த்தது.

மூன்றாவதுதான் வம்பு பிடித்தது. 'இல்லை' என்றால் திருநிறைச்செல்வி, வீட்டின் கடைசிக் கல்யாணம். 'ஆம்' என்றால் திருவளர்ச்செல்வி, இன்னும் ஒன்று உண்டு. ஊரில் பெரியவர்கள் மணமகள் பெயருக்கு முன்னால் இதைத்தான் படிப்பார்கள்.

சோதனைக்கு முதல் பத்திரிகை அவளுடைய கல்யாணத்துக்கே.

வீட்டுக்கு ஒரே பெண். அப்பா போய்ப் பதினாறு வருஷம்.

யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. தை மாதம் மின்வாரியத்துத் தணிகாசலம் வீட்டுக்கு வந்து, சுற்றி வளைக்காமல், அம்மாவிடமே கேட்டார். அம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"கல்யாண வயசுல பொண்ண வச்சிக்கிட்டு எனக்கா கல்யாணம்? ஊரு சிரிக்கும்டி."

பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

கல்யாண வயதுப் பெண் இனி அந்த வீட்டில் இருக்கப் போவதில்லை. மிச்சம் இருப்பது ஊர். ஊரை நினைத்தால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. சிரிக்கிறவர்கள் பத்திரிகையைப் படித்துவிட்டே சிரிக்கட்டும்.

தொட்டாள்.

ஆம்.

மாசிலாமணி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, முதல்லயே கோளாறா? நீ ஒரே பொண்ணுதான? திருநிறைன்னுல்ல வரணும்."

"கோளாறு இல்லண்ணா."

அவர் திரையை மறுபடி படித்தார். அழைப்பவர் பெயரையும் படித்தார். பிறகு புரூஃப் எடுத்துக் கொடுத்தார்.

"அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வந்துடு."

அம்மா வேண்டாம் என்றால் மாற்றிவிடலாம். புரூஃப் என்பதே அதற்குத்தான். வழியெல்லாம் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அம்மா அங்கன்வாடியிலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை. பதிவேடு எழுதும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேலே தன் பெயர் மட்டும் நிற்பதைப் பார்த்தாள். மங்கையர்க்கரசி. அதை விரலால் ஒருமுறை தடவினாள்.

இரண்டு வரி தள்ளிப் பேனா நின்றது.

'வளர்' என்ற எழுத்துகளுக்கு மேல்.

மகளுக்குப் பயமாக இருந்தது. பதினாறு வருஷம் தனக்கென்று வாய் திறக்காதவளை ஒரு சொல்லால் இழுத்து வெளியே நிறுத்திவிட்டோமோ என்று இருந்தது.

"மாசிலாமணி பாத்தாரா?"

"பாத்தாரும்மா."

அம்மா நிமிரவில்லை. அதே வரியை இன்னொரு முறை படித்தாள்.

தாளின் அடியில் இரண்டு கட்டங்கள். திருத்தம் உண்டு. திருத்தம் இல்லை. அவையும் மகள் போட்டவைதான்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டாவது கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

"அவருக்கு மட்டும் நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில், தணிகாசலத்தின் பெயருக்கு நேரே மகள் 'அம்மா' என்று எழுதினாள்.