வயலின் முதுகில் ஒரு கை

வாத்தியங்களைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில், உடன் படிக்கும் பிலோமினாவின் வயலினுக்கு அரக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். தேய்த்தது நாற்பது சுற்றா, முப்பத்தொன்பதா என்று சந்தேகம் வந்து நின்றவன், இடது கையை ஈரப் பூச்சின் மேலேயே ஊன்றிவிட்டேன். எடுத்துப் பார்த்தால், வயலினின் முதுகில் என் உள்ளங்கை ரேகைகளோடு பதிந்திருந்தது. ஞாயிறு காலைப் பூசையில் அவள் அதை வாசிக்க வேண்டும்.

"நாசம் பண்ணிட்டேன், பிலோ."

"அரக்குதானே, கரையும். மூஞ்சியை அப்படி வைக்காத" என்றபடி, துணியில் ஸ்பிரிட் தொட்டு மெல்லத் தேய்த்தாள். விரல் தடங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மரம் மறுபடி பளபளத்தது. ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தபோது அவள் கை நின்றது.

"இது உன் ஆயுள் ரேகைப்பா. இதையும் அழிச்சிடவா?"

"தாராளமா அழி" என்று சொல்லிவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.