காவல் வீடு

வௌவாலிடமிருந்து புதுக்கிருமி வந்தால், அது நகரத்துக்குப் பரவும் முன்பே தெரிந்துகொள்ள, ஆய்வுக்கூடத்தார் தோப்போரம் குடிவைத்த குடும்பங்களில் மரகதத்தினுடையதும் ஒன்று. இன்று அவள் கணவன் சுடலைமுத்து காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தான்.

இரத்தம் எடுத்துச் சோதித்த ஆய்வுக்கூடத்து டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“புதுசும்மா! இதுவரைக்கும் யாரும் பார்க்காத கிருமி. அடுத்த வாரமே ஊருக்கெல்லாம் தடுப்பூசி போட்டுருவோம்.”

“அப்ப இவுக பொழைச்சிருவாகளா, தாயி?”

“அது… நோய் வராதவங்களுக்குப் போடுற ஊசிம்மா. ஆமா, என்ன சாப்பிட்டார்?”

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அணில் கடிச்ச கொய்யா இனிக்குமேன்னு நான்தானே பொறுக்கிக் குடுத்தேன். வௌவால் கடிச்சதுன்னு தெரியலையே! பாவி நான், அதைத் தூக்கி எறிஞ்சிருக்கக் கூடாதா?”

டாக்டரம்மா கையுறையோடு அவள் கையை ஆதரவாகப் பற்றிக்கொண்டாள்.

“நல்லவேளை, எறியலை.”