சலோமியின் பென்சில்

சனிக்கிழமை வெயில் சாய்கிறது. ரிஷிவந்தியத்தில் ஆலயத்தை ஒட்டிய சின்ன வீட்டில், போதகர் தேவநேசன் தடித்த வேத விளக்கவுரையைத் திறந்து வைத்துக்கொண்டு நாளைய பிரசங்கத்தை எழுதுகிறார். காணாமற்போன ஆட்டின் பகுதி. அட்டை பிய்ந்த அந்தப் புத்தகத்தின் ஓரமெல்லாம் மனைவி சலோமியின் பென்சில் எழுத்து. சொன்னதையே திரும்பச் சொல்லிவிடக் கூடாதென்று ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்குப் பிறகு தேதி போடுவாள். பக்கத்திலேயே தன் தீர்ப்பையும் எழுதிவிடுவாள். ‘நல்லாயிருந்தது.’ ‘கோபம் ஜாஸ்தி.’ இந்தப் பக்கத்தில், பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு, ‘நீளம்.’ அவளை அடக்கம் செய்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஆலயத்தைக் கூட்டிவிட்டு வந்த இருசம்மாள் துடைப்பத்தோடு ஜன்னலண்டை நிற்கிறாள். “ஐயா, நாளைக்கு நடவு இருக்குதுங்க. சீக்கிரம் முடிச்சிடுங்க.” “சரிம்மா.” அவள் போகவில்லை. “அம்மா இருந்தா முந்தானைய இழுத்துப் போத்திக்குவாங்க. நீங்களும் அதப் பாத்துட்டு ஆமென் சொல்லிடுவீங்க. இனிமே யாருங்க?” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு, தலை குனிந்தபடி நகர்கிறாள். தொலைவில் கல்வராயன் மலை மங்குகிறது. களத்தில் மக்காச்சோளம் அடித்துக்கொண்டிருந்த இயந்திரமும் நின்றுவிடுகிறது. போதகர் நான்கு தாள்களையும் எதிரிலிருக்கும் வெறும் நாற்காலியைப் பார்த்து உரக்கப் படித்து முடிக்கிறார். பிறகு பென்சிலை எடுத்து, பழைய தேதிக்குக் கீழே நாளைய தேதியைப் போடுகிறார். பக்கத்தில், அவளைப் போலவே எழுத்தைச் சாய்த்து, ‘நீளம்’ என்று எழுதுகிறார்.