பிளென்னி சொன்ன சாட்சி

மனிதனின் முகத்தை மீன் ஒருபோதும் மறப்பதில்லை. ஆகவே சத்தியத்தின் கடைசிப் புகலிடம் மீன்தொட்டிதான். துறைமுக அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ரெத்தினசபாபதி விருந்தாளிகளிடம் இப்படித்தான் முழங்குவார். பக்கத்தில் உப்புநீர்த் தொட்டியில், விரல் நீளப் பிளென்னி மீன் ஒன்று பாறைப் பொந்திலிருந்து முகத்தை மட்டும் நீட்டி, எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மீனின் நினைவைப் படிக்கும் கருவியைத் தொட்டியில் ஒட்டிய அன்றே வம்பு வந்தது. “ரெத்தினசபாபதி: அந்நியர், கண்டால் பயம். நம்பும் நபர்: பல் இல்லாத கிழவர், தினமும் வருகிறார்” என்றது திரை.

“தெனமும் தீனி போடுறவன் நானு. எவன்ட்டி அந்தக் கெழவன்?”

“எனக்கென்ன தெரியும்? உங்க மீனத்தான் கேக்கணும்” என்றாள் மனைவி குழல்வாய்மொழி.

அவர் வாசல் பூட்டை மாற்றினார். கேட் காவலாளியைக் குடைந்தார். மறுநாளும் கிழவர் வந்துபோனதாகத் திரை சொன்னது. அவள் பெட்டியைக் கட்டினாள்.

“நாப்பது வருசம் குடும்பம் நடத்திட்டு, மீன் பேச்சக் கேட்டுச் சந்தேகப்படுற மனுசனோட இனி இருக்க முடியாது. போறதுக்கு முன்ன அந்தாளு மூஞ்சியயாவது பாத்துக்கிடுதேன். படத்தப் போடச் சொல்லுங்க.”

கருவி மீனின் நினைவிலிருந்து அந்த முகத்தை வரைந்தது. ஒட்டிய கன்னம், பொக்கைவாய்ச் சிரிப்பு. குழல்வாய்மொழி பெட்டியைக் கீழே வைத்தாள்.

ரெத்தினசபாபதி தினமும் மீனுக்குத் தீனி போட்ட பிறகுதான் பல்செட்டை மாட்டிக்கொள்வார்.