கொம்பு முளைத்த கோடு

புனே நகரின் நிக்டி பகுதியில் இருந்த பள்ளியின் ஆறாம் வகுப்பில், மகள் அம்முவின் கணக்கு நோட்டைக் கிரிஜா மிஸ்ஸின் மேஜையில் பொத்தென்று போட்டார் சபரி.

"புள்ளி, கோடு, தளம்னு மூணே படம். புள்ளிக்கு மட்டும் மார்க், மத்த ரெண்டுக்கும் முட்டையா? புனேயில நம்ம தமிழ்க்காரங்களே இப்படிப் பண்ணலாமா?"

"கோட்டுக்கு முடிவே கிடையாது சார். அதைக் காட்ட ரெண்டு முனையிலயும் அம்புக்குறி வேணும். தளத்துக்கும் அப்படித்தான். வகுப்புல பத்து தடவை சொன்னேன்."

"இருபது வருஷமா ஃபேக்டரியில மெஷின் டிராயிங் போடறவன் நான். அளவு காட்டுற கோட்டுக்குத்தான் அம்பு! சொல்லிக்கொடுக்கத் தெரியாம குழந்தையை அழ வெச்சிருக்கீங்க!" அவர் குரல் வராந்தா வரை கேட்டது.

பக்கத்தில் நின்ற அம்மு அவர் சட்டையை இழுத்தாள்.

"மிஸ் சொன்ன மாதிரிதான் போட்டேன்பா. நீங்கதான், 'கோட்டுக்கு என்னடி கொம்பு முளைச்சிருக்கு'ன்னு அம்பு எல்லாத்தையும் ரப்பரால அழிச்சீங்க."

கிரிஜா நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அழித்த தடம் பளிச்சென்று தெரிந்தது.

"அம்முவுக்கு முழு மார்க் போட்டுடறேன் சார்" என்றார். "அந்த ரெண்டு முட்டையையும் நீங்க வெச்சுக்குங்க."